மணமுடி மாற்ற ஓர் ஆள்

கலிவோனி
18 ஜனவரி 2024

தம்பி ஸ்தாத்திஸுக்கு,

கிழிப்பதென்று முடிவு செய்திருந்தால் படித்துவிட்டுக் கிழி. நாலரை வருஷமாக என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க உனக்கு வழியில்லை என்பதால் பேனாவை எடுத்தேன். கடைசியாக நான் கையால் உனக்குக் கடிதம் எழுதியது நீ பட்டாளத்தில் இருந்தபோது. அப்போது நீ போட்ட ஒரே பதிலில் காலுறை மட்டும்தான் கேட்டிருந்தாய்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நகராட்சியில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம், அதுவும் பிப்ரவரிக்குள். எங்கள் ‘கலிவோனி குரல்’ ஆறே பக்கப் பத்திரிகை. கல்யாண அறிவிப்பும் ஏல அறிவிப்பும் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளைத்தான் விற்க வேண்டும். அப்பேர்ப்பட்ட பத்திரிகைக்கு இந்த ஒரே வாரத்தில் நாற்பத்தொரு வாசகர் கடிதங்கள். ஆலிவ் தோப்புகளில் இடி விழும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போன வருஷமும்தான் விழுந்தது, அது யார் கல்யாணத்தால் என்று நம் கணக்கு டீச்சர் பதில் எழுதியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் தினமும் நேரிலேயே வந்துவிடுகிறார். “கல்யாணம் பண்ணிக்கட்டும், யாரு வேணாங்கறா? பிள்ளைங்கள மட்டும் இதுக்குள்ள இழுக்கக் கூடாது” என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் தட்டச்சு செய்வது நான். ஒவ்வொன்றை அடிக்கும்போதும் உன்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டக் கை துறுதுறுக்கிறது.

மெனெலாஸ் நலமா? குளிருக்கு உன் தாடை வலிக்கிறதா?

இன்னொரு விஷயம். நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. மூன்று முறை ஒத்திப்போட்ட வழக்கு பிப்ரவரி 21 அன்று விசாரணைக்கு வருகிறது. கூண்டில் அனெஸ்திஸ், சாட்சி நான். 2019 ஆகஸ்ட் பதினைந்தில் மாதா திருவிழா அன்று, துறைமுகத்துக்குப் பின்னால் உன்னையும் மெனெலாஸையும் அவன் அடித்தபோது பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நான்தான். வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வந்த சண்டை என்று காவல் நிலையத்தில் சொன்னேன். நீ அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததுதான் கடைசி.

இந்தத் தடவை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
பொலிக்சேனி


ஏதென்ஸ்
26 ஜனவரி 2024

திருமதி பொலிக்சேனி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கத்தான் எடுத்தேன், மெனெலாஸ் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

தாங்கள் கேட்டதற்குப் பதில்: தாடை வலிக்கிறது. உள்ளே இருக்கும் தகடு மழையை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. மெனெலாஸ் நலம். குழாய் வேலைக்குப் போகும் வீடுகளில் எல்லாம் அரசியல் பேசிவிட்டு, குழாயைச் சரிசெய்யாமல் வந்துவிடுகிறான்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது? கேட்டதைச் சொல்லுங்கள். ஒருவனை அவன் இன்னார் என்பதற்காகவே அடித்தால் தண்டனை கூடும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அடித்தவன் மனத்தில் என்ன இருந்தது என்பதை யாராவது காதால் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் சொன்னால் எங்களுக்காக நாங்களே சொல்கிறோம் என்பார்கள். எனக்கோ முதல் அடியிலேயே காது இரைந்துவிட்டது. அவன் ஏதோ ‘மணமுடி’ என்று கத்தியது போல மெனெலாஸுக்குக் கேட்டதாம். அடிதடிக்கு நடுவில் கல்யாணத்தில் தலையில் வைக்கிற மணமுடி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் மூன்றடி தூரத்தில் நின்றீர்கள். உங்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் புரியவில்லை. அன்று சாயங்காலம்தான் உங்களிடமே சொன்னேன், மெனெலாஸ் வெறும் நண்பன் இல்லை என்று. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அப்படியானால் எங்கள் நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தெருவில் இறங்கினால் என் நடையை நானே பார்த்துக்கொண்டுதான் போகிறேன். தோள் நேராக இருக்கிறதா, கை எப்படி ஆடுகிறது என்று. நாலரை வருஷமாக இது ஒரு தனி வேலை.

மற்றபடி, எங்களுக்கும் இங்கே தலைகால் புரியவில்லை என்பது உண்மை. சமையலறைச் சுவரில் முன்னூறு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கிறோம். ஆதரிக்கிற பாராளுமன்ற உறுப்பினர் பச்சை, எதிர்க்கிறவர் சிவப்பு, வாயைத் திறக்காதவர் மஞ்சள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்தி கேட்டுக் கேட்டு வண்ணம் மாற்றுகிறோம். சேர்ந்து வாழ நோட்டரி முன்னால் போட்ட ஒப்பந்தம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வீட்டு வாடகைப் பத்திரம் மாதிரி, அதைக் காட்டி யாரும் இனிப்புக் கொடுத்ததில்லை. நம் தொகுதி ஆள் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறார். அவரை உனக்குப் பழக்கம்தானே, போய்ப் பிடித்து ஒரு வார்த்தை கேள்.

‘உனக்கு’ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த நேரமில்லை, வண்டி எடுக்கப் போக வேண்டும்.

ஸ்தாத்திஸ்


கலிவோனி
5 பிப்ரவரி 2024

ஸ்தாத்திஸ்,

அந்த ‘உனக்கு’ இருந்த வரியை மட்டும் வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் நீ திட்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

தொகுதி ஆளைக் காபிக்கடையில் மடக்கினேன். மனசாட்சிப்படி வாக்களிப்பாராம். எந்தப் பக்கத்து மனசாட்சி என்று கேட்டேன். காபி ஆறிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். மஞ்சளாகவே வை.

நேற்று எல்லாக் கோயில்களிலும் இந்தச் சட்டத்தை எதிர்க்கும் பேராயர்களின் சுற்றறிக்கையை வாசித்தார்கள். நம் பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். கணக்கு டீச்சர் பாதியில் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்க வெளியே போனார். அப்பா வழக்கம் போலப் பாடகர் மேடையில் நின்றார். வாசித்து முடித்ததும் அடுத்த பாட்டை அவர்தான் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கோயில் முழுக்க அவரையே பார்த்தது. ஒரு நிமிஷம் கழித்துப் பாடினார், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, “ஏதென்ஸ்ல மழையாமா?” என்று கேட்டார். உனக்கு இது தெரியாது. நாலரை வருஷமாக அவர் உன் பெயரைச் சொல்வதில்லை, ‘ஏதென்ஸ்’ என்றுதான் சொல்கிறார். ஏதென்ஸுக்குக் காய்ச்சலா, ஏதென்ஸ் சரியாகச் சாப்பிடுகிறதா என்று என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை அனெஸ்திஸ் அலுவலகத்துக்கு வந்தான். கையில் தோட்டத்து ஆரஞ்சு ஒரு பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அன்னைக்குச் சொன்னதையே சொல்லு, போதும். நான் புதுசா ஒண்ணும் கேக்கல. நமக்குள்ள இருக்கறது நமக்குள்ளயே இருக்கட்டும்.”

போகும்போது, வருகிற ஈஸ்டருக்குத் தனாயிக்கு என்ன நிறத்தில் மெழுகுவர்த்தி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் என் கும்பாரோஸ், ஸ்தாத்திஸ், என் கல்யாணத்தை முன்நின்று நடத்திய உறவு. என் தலைக்கும் லூக்காஸ் தலைக்கும் மணமுடியை மூன்று முறை மாற்றி வைத்த கை அது. என் மகள் தனாயியை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து வாங்கிய கையும் அதுதான். கூடப்பிறந்தவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். கும்பாரோஸோடு முறைத்துக்கொண்டவர் யாராவது இருக்கிறார்களா சொல். நீதிமன்றத்தில் ஏறி கும்பாரோஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஒருத்தியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கப்பலிலிருந்து லூக்காஸ் கூப்பிட்டபோது சொன்னேன். ‘உன் இஷ்டம்’ என்றார். ‘வேண்டாம்’ என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

மருந்துக்கடைக்காரர் இப்போது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். “அடி அடிதானே, அதுல என்ன வெறுப்பு விருப்பு? கைய ஒடைச்சா கைய ஒடைச்சதுக்குத் தண்டனை. மனசுக்குள்ள இருந்ததுக்கு ஒரு தண்டனையா?” என்கிறார். நீயானால் இதற்கு என்ன சொல்வாய்?

அக்கா


ஏதென்ஸ்
16 பிப்ரவரி 2024

அக்கா,

நூற்று எழுபத்தாறு ஓட்டு! தேவைக்கு மேலேயே. சுவரில் இருந்த தாளை மெனெலாஸ் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறான், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பிரித்துக் காட்டுகிறான். நம் தொகுதி ஆள் வரவே இல்லை, பல்வலியாம். கடைசிவரை மஞ்சள்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை நீ கேட்டே ஆக வேண்டும். மெனெலாஸ் பாராளுமன்றத்துக்கு வெளியே கூட்டத்தில். நான் கடற்கரையிலிருந்து ஊருக்குள் வரும் டிராமில். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, பையில் போட்டு வைத்திருந்தேன். கண்ணாடியில் பார்க்கிறேன், எல்லாப் பயணிகளும் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிறுத்தம் அப்படியே போனேன். மூன்றாவது நிறுத்தத்தில், காய்கறிப் பையோடு இருந்த ஓர் அம்மா இறங்குகிற சாக்கில் என் கதவைத் தட்டினார்.

“அந்தக் கல்யாணச் சட்டம் பாஸ் ஆயிடுச்சாம் தம்பி. உனக்குச் சம்மதமா, இல்லையா?”

மணியை அடித்தேன். அந்த நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம்வரை விடாமல் அடித்தேன். தண்டவாளத்தில் ஒரு பூனைகூட இல்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் கை தட்டினார்கள், ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், அவரைப் பார்த்து மற்ற எல்லோரும் கத்தினார்கள். எதிரே வந்த டிராமை ஓட்டியவன் என்னவென்றே தெரியாமல் அவனும் மணியடித்தான். காரணமில்லாமல் மணி ஒலித்தது ஏன் என்று இன்று காலை டெப்போவில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். ‘தண்டவாளத்தில் இருந்த இடையூறு நீங்கியது’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்திவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு என் பதில். வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒருவன் என்னை அடித்தால், அடுத்த முறை நான் வேறு இடத்தில் நிறுத்துவேன், தீர்ந்தது. நான் இன்னான் என்பதற்காக அடித்தால் என்னை எங்கே கொண்டு போய் நிறுத்துவது? அன்று அந்தத் திருவிழாவில் எங்களைப் போல இன்னும் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அடி எனக்கு விழுந்தது, மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டது அந்தப் பத்துப் பேரும். அதற்குத்தான் தனிக் கணக்கு. இதை நீ அவரிடம் சொல், அல்லது பத்திரிகையில் போடு.

திங்கட்கிழமை நகராட்சியில் விண்ணப்பம் கொடுக்கிறோம். மார்ச் 9, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கேட்டிருக்கிறோம். உன்னைக் கூப்பிடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். உனக்குக் கும்பாரோஸ் பெரிதென்று எனக்குத் தெரியும், அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அன்று அவன் சொன்ன ஒரு வாக்கியம், அது போதும். புதன்கிழமை அதை நீ சொன்னால் நான் உன் தம்பி. சொல்லாவிட்டால் இந்தக் கடிதங்களும் இத்தோடு சரி.

ஸ்தாத்திஸ்


கலிவோனி
19 பிப்ரவரி 2024

தம்பி,

தபாலில் போட்டால் இது வெள்ளிக்கிழமைதான் வரும். நீ புதன்கிழமைக்கு முன்னால் படித்தாக வேண்டும். அதனால் லலாங்கியா பலகாரம் பொரித்து, டப்பாவுக்குள் மூடிக்கு அடியில் கடிதத்தை வைத்து, ஏதென்ஸ் பேருந்தில் போட்டுவிடுகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

உன் நடையில் ஒன்றும் இல்லை, ஸ்தாத்திஸ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ சின்ன வயதிலிருந்து நடப்பது போலத்தான் நடக்கிறாய், அப்பா நடப்பது போல. அனெஸ்திஸுக்கு உன் நடையைப் பார்த்துத் தெரியவில்லை. நான் சொல்லித் தெரிந்தது.

அன்று சாயங்காலம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து நீ என்னிடம் சொன்னாய், மெனெலாஸ்தான் உன் ஆள் என்று. யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் நடிப்பில்லை, அதை மட்டும் நம்பு. மேஜைக்குத் திரும்பினேன். ஆட்டுக்கறி, ஒயின், வாத்தியம். பக்கத்தில் அனெஸ்திஸ். கும்பாரோஸ் ‘யாரோ’ இல்லை என்று நினைத்தேன். அவனிடம் சொல்வது எனக்கு நானே சொல்லிக்கொள்வது மாதிரி என்று நினைத்தேன். அவன் தோளில் தட்டி, “உனக்கு நம்ம வீட்டுல இன்னொரு கல்யாண வேலை இருக்குடா. ஸ்தாத்திஸுக்கும் அந்தப் பையனுக்கும் நீதான் மணமுடி மாத்தணும்” என்றேன். என் தம்பிக்கும் நம் வீட்டுக் கும்பாரோஸ்தான் மணமுடி மாற்ற வேண்டும், அதுதானே முறை. முறைப்படி கேட்டுவிட்டேன். அப்படி ஒரு கல்யாணத்துக்கு அன்றைக்குச் சட்டமே இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவன் சிரித்தான். நான் அவன் சிரிப்பை நம்பி, ஆட வேறு போனேன். அரை மணி கழித்து அவன் மேஜையில் இல்லை. உங்களையும் காணவில்லை. தேடிக்கொண்டு துறைமுகத்துக்குப் பின்னால் வந்தேன்.

மெனெலாஸுக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. உன் தாடையில் குத்திக்கொண்டே அவன் கத்தினான்: “உங்களுக்கு நான் மணமுடி மாத்தணுமாடா? நானா?” ஒவ்வொரு குத்துக்கும் அதையே கத்தினான். கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் வாயில் இருப்பது என் வார்த்தை என்று.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். காவல் நிலையத்தில் நான் கும்பாரோஸைக் காப்பாற்றவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவன் கத்தியதைச் சொன்னால், ஏன் மணமுடி என்று கேட்பார்கள். கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டு வண்டி நிறுத்தும் இடம் என்றேன். நீ உன் நடையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபிறகு எனக்குத் தூக்கமில்லை.

வழக்கறிஞரிடம் போனேன். முன்பு சொன்னது பொய் என்று ஆகும், அதற்கு என் மேலேயே வழக்கு வரலாம் என்றார். வரட்டும். புதன்கிழமை எல்லாவற்றையும் சொல்கிறேன், நான் கேட்டதையும் நான் சொன்னதையும். நீதிபதி வாயிலிருந்தோ வழக்கறிஞர் வாயிலிருந்தோ இது உன் காதில் விழக்கூடாது என்றுதான் இந்த டப்பா.

பொலிக்சேனி


கலிவோனி
27 பிப்ரவரி 2024

தம்பி,

ஆறு நாள் ஆகிவிட்டது. நீ இரண்டாவது வரிசையில், லலாங்கியா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மூடி திறந்த மாதிரியே தெரியவில்லை. நான் பேசப் பேச உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, நீ கடிதத்தையே பார்க்கவில்லை என்று. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை. என் வாக்குமூலம் முடிந்ததும் நீ எழுந்து போனாய், டப்பா பெஞ்சில் இருந்தது. மெனெலாஸ் அதை எடுத்துக்கொண்டு உன் பின்னால் ஓடினார். என்னைத் தாண்டும்போது தலையை மட்டும் அசைத்தார்.

நீ போனபிறகு நடந்தது இது. அன்று பொய் சொன்னது ஏன் என்று நீதிபதி கேட்டார். வெட்கத்தினால் என்றேன். யாரைப் பார்த்து வெட்கம் என்றார். என் தம்பியை என்றேன். அனெஸ்திஸுக்கு இரண்டு வருஷம், நிறுத்தி வைத்த தண்டனை. சிறைக்குப் போக மாட்டான். ஆனால் ‘பாதிக்கப்பட்டவர்கள் இன்னார் என்பதற்காக’ என்ற வரி தீர்ப்பில் ஏறிவிட்டது. உன் வழக்கறிஞர் உனக்குச் சொல்லியிருப்பார். ஏறிய அந்த நிமிஷம், உன்னைப் போல அடிப்பதற்கு என் கையில் மணி இல்லை, பெஞ்சைத் தட்டினேன், காவலர் அதட்டினார்.

தனாயியின் ஞானஸ்நானப் படம் அனெஸ்திஸ் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்குமே, அது மறுநாள் எங்கள் கதவுப் பிடியில் தொங்கியது. தனாயி கழற்றி உள்ளே கொண்டு வந்தாள். இந்த வருஷம் மெழுகுவர்த்தியை அவளே வாங்கிக்கொள்வாளாம். பன்னிரண்டு வயதுக்குச் சுருக்கமாகப் பேசுகிறாள், உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் எனக்கு முகம் கொடுப்பதில்லை. கப்பலிலிருந்து லூக்காஸ் கூப்பிட்டு அரை மணி நேரம் கப்பல் சரக்கைப் பற்றியே பேசினார், கடைசியில் ‘சரி’ என்றார்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ திட்டுவதென்றால் இதையும் சேர்த்துத் திட்டு. ஏதென்ஸ் பத்திரிகையில் உங்கள் கல்யாண அறிவிப்பைத் தேடிக் கண்டுபிடித்தேன். எட்டாம் பக்கம், ஏல அறிவிப்புக்குக் கீழே, பூதக்கண்ணாடி இருந்தால் படிக்கலாம். சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. நேற்றைய ‘குரல்’ மூன்றாம் பக்கத்தில், மேல் பகுதியில், கட்டம் கட்டிப் போட்டேன்: கொஸ்மாஸின் மகன் ஸ்தாத்திஸும், இன்னாரின் மகன் மெனெலாஸும் மார்ச் 9 அன்று திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் போடுவது போல.

காலை ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார், இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார். ஒன்பதே காலுக்கு அலுவலக போன் அடித்தது. அப்பா. அவர் பெயரை நான் அச்சில் ஏற்றியிருக்கிறேன், அதுவும் அவர் பாடுகிற கோயிலுக்குப் பத்திரிகை போகிற நாளில்.

“மூணாம் பக்கத்துல தப்பு இருக்கு” என்றார்.

“என்ன தப்புப்பா?”

“அம்மா பேரையே காணோம். அவன் என்ன எனக்கு மட்டுமா பொறந்தான்? நாளைக்குத் திருத்தி மறுபடி போடு. ஸ்தாத்திஸ், கொஸ்மாஸுக்கும் ஸ்மராக்தாவுக்கும் மகன்.”

வைத்துவிட்டார். நாலரை வருஷத்துக்கு அப்புறம் உன் பெயர், ஸ்தாத்திஸ். அவர் வாயால். அவசரத்தில் அம்மா பெயரை விட்டது நான்தான். இத்தனை வருஷத்தில் எந்த அறிவிப்பிலும் விட்டதில்லை. திருத்தம் இன்று வந்துவிட்டது, இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வரட்டுமா என்றும் கேட்க மாட்டேன், கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் தேதி பதினொரு மணிக்கு நான் எங்கே இருந்தாலும் எழுந்து நிற்பேன்.

பொலிக்சேனி


ஏதென்ஸ்
2 மார்ச் 2024

அக்கா,

லஞ்சம் என்று நினைத்துத்தான் அந்த டப்பாவைத் திறக்கவில்லை. நீதிமன்றத்தில் உன் கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கொண்டு வந்தேன். அதனால் நீ சொன்ன எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால்தான் முதன்முதலாகக் கேட்டேன். கோபம் கண்ணை மறைத்தது. வழியெல்லாம் மெனெலாஸிடம் உன்னைத்தான் திட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதை அரை மணி நேரம் வயிற்றில் வைத்திருக்க முடியாதவள், அந்தப் பாவத்தை நாலரை வருஷம் மட்டும் எப்படி வைத்திருந்தாள் என்று. அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போகும், ஆனால் மெதுவாகப் போகும்.

மெனெலாஸ் பேருந்தில் டப்பாவைத் திறந்து, கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி லலாங்கியா தின்றுகொண்டே வந்தான். நான் படித்து முடித்தபோது பாதி டப்பா காலி. அவன்தான் சொன்னான்.

“ஒண்ணு யோசிச்சுப் பாரு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல நமக்குக் கல்யாணம்ங்கற நெனப்பு நமக்கே வரல. இந்த நாட்டுலயே நம்ம கல்யாணத்துக்குன்னு மணமுடி மாத்த ஆள் தேடினது ஒரே ஒரு பொம்பள. ஆளத்தான் தப்பாத் தேடிட்டா.”

பத்து நாளாக அது என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு உன் கடிதமும் இரண்டு அறிவிப்புகளும் வந்தன. அம்மா பெயர் போட்டதைச் சமையலறைச் சுவரில், முன்னூறு கட்டத் தாள் இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறோம். அப்பாவிடம் சொல், ஏதென்ஸில் மழை இல்லை. ஏதென்ஸ் நன்றாகச் சாப்பிடுகிறது.

நேற்று டெப்போவிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, வழியெல்லாம் என் நடையைப் பார்க்கவே இல்லை என்று.

நகராட்சிக் கல்யாணத்துக்கு மணமுடி தேவையில்லை, சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் போதும். ஒருவர் கிடைத்துவிட்டார், எதிரே வந்து மணியடித்தானே, அந்த டிராம்காரன். இப்போது அவன் எதற்கு அடித்தான் என்று அவனுக்கே தெரியும். இன்னோர் இடம் காலியாக இருக்கிறது. அதோடு, தேவையோ இல்லையோ, மெனெலாஸுக்கு மணமுடி வேண்டுமாம். வெள்ளை நாடா கட்டியதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறான். அதை மாற்றி வைக்க எங்களுக்குக் கை வேண்டும்.

அன்றைக்கு நீ அவனிடம் கேட்டதை இன்றைக்கு நான் உன்னிடம் கேட்கிறேன். பொய்ச் சாட்சிக்கு உன் மேல் வழக்கு வந்தால் அதையும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்த உண்மைச் சாட்சியில் கையெழுத்துப் போடு. தனாயியையும் கூட்டி வா. அப்பாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வை, ஏறினால் ஏறட்டும்.

இதற்குப் பதில் எழுதாதே, அக்கா. பேருந்தில் ஏறி வா.

உன் தம்பி,
ஸ்தாத்திஸ்